பேட்டரித் தண்ணீர்

என் செடி செத்துப்போய்விட்டது என்று எனக்குச் சொன்னவள் என் நாத்தனார். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். இரண்டு பேரும் சமையலறையில் நின்று ஒரு தொட்டி மண்ணுக்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோதுதான் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து உள்ளே வந்தார். "யாரு போயிட்டா?" என்று பதறினார். செடி என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "நல்லவேளை. நான் எங்கம்மாவோன்னு பயந்துட்டேன்" என்றார்.

செடி என்றதும் ரோஜாவையோ துளசியையோ நினைத்துவிடாதீர்கள். இது அழுகண்ணி. சட்டைப் பொத்தான் அளவு இலை, இலை முழுக்கச் சிவப்பு முடி, ஒவ்வொரு முடியின் நுனியிலும் பனித்துளி மாதிரி ஒரு சொட்டுப் பசை. பார்த்தால் காலையில் எழுந்து அழுதுகொண்டிருப்பது போலிருக்கும். பாவம் என்று ஒரு கொசு போய் உட்கார்ந்தால் அதோடு அதன் கதை முடிந்தது. இலை மெதுவாக, அவசரமே இல்லாமல், அதன்மேல் மடிந்துகொள்ளும். நாலைந்து நாள் கழித்து விரிந்தால் இறக்கை மட்டும் மிச்சமிருக்கும்.

முதல் அழுகண்ணியை எனக்குக் கொடுத்தவளும் நாத்தனார்தான். எனக்குக் கர்ப்பப்பை எடுத்து, இனி நமக்குக் குழந்தை இல்லை என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த காலம் அது. வந்தவர்கள் எல்லாம் பழமும் புத்திமதியும் கொண்டுவந்தார்கள். அவள் ஒரு சின்னத் தொட்டியைக் கொண்டுவந்து என் தலைமாட்டு ஜன்னலில் வைத்து, "இதப் பாத்துக்கிட்டே படுங்க அண்ணி. ஒரு ஈ மாட்டிச்சுன்னா பொழுது போறதே தெரியாது" என்றாள். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவளும் அப்போதுதான் புருஷனிடமிருந்து ஒரே பெட்டியோடு திரும்பி வந்து அம்மாவோடு இருந்தாள். மருந்துக்கடையில் வேலை. நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிகிறார்களே என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல்.

இந்தச் செடியை வளர்ப்பதற்கு இரக்க குணம் கூடாது. நல்ல மண் போட்டால் செத்துப்போகும். உரம் வைத்தால் செத்துப்போகும். குழாய்த் தண்ணீரில் இருக்கிற உப்பே போதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிப் போய்விடும். பீட் என்கிற சத்தில்லாத சதுப்பு மண்ணும் கழுவிய மணலும் கலந்து, மழைத் தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றுகிற, காய்ச்சி வடித்த தண்ணீரோ தட்டில் ஊற்றி, வெளிச்சத்தில் வைக்க வேண்டும். மழைக்கு நான் எங்கே போவேன்? ஆனால் வடித்த தண்ணீருக்கு எனக்குப் பஞ்சமில்லை. நான் டென்டல் லேப்பில் பல்செட்டு செய்கிறவள். அங்கே நீராவியால் பல்லைச் சுத்தம் செய்கிற இயந்திரத்துக்கு வடித்த தண்ணீர்தான் ஊற்றுவோம். மிச்சத்தை எடுத்துக்கொள்ள முதலாளி விட்டிருந்தார். கேன் மாறிப்போகாமலிருக்க, ஈறு செய்கிற ரோஸ் நிற அக்ரிலிக்கில் என் கேன்கள் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பொட்டு வைத்திருந்தேன்.

செத்துப்போனதாகச் சொன்னேனே, அது சாதாரண அழுகண்ணி இல்லை. கிழங்கு வைக்கிற ஜாதி. வெயில் காலத்தில் மேலே சருகாகிவிடும். கொண்டைக்கடலை அளவு கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். குளிர் வந்ததும் எழுந்திருக்கும். விதை வாங்கி அவளும் நானும் பாதிப்பாதி பிரித்துக்கொண்டோம். மிளகுத்தூள் மாதிரி விதை. அதற்குப் புகை காட்டினால்தான் முளைக்கும் என்று படித்துவிட்டு, நான் காய்ந்த இலையைக் கொளுத்தி டப்பாவுக்குள் புகையை அடைத்துக்கொண்டிருந்தேன். "செடிக்கு சிகரெட் பிடிக்கக் கத்துக் குடுக்கிறியா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரர் சிரித்தார். அவளுடைய பாதியில் ஒன்றுகூட முளைக்கவில்லை. என்னுடையதில் ஒன்றே ஒன்று முளைத்தது.

அதை நாலு வருஷம் வளர்த்தேன். உயரமான தொட்டிக்கு மாற்றியபோது, விரல் ஆழத்தில், தொட்டியின் ஓரமாக ஒரு பல்லை வைத்து மூடினேன். நிறம் பொருந்தவில்லை என்று திரும்பி வந்த கோரைப்பல். அதற்குக் கீழே என்றைக்கும் கிண்டக் கூடாது, அங்கேதான் கிழங்கு இருக்கிறது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட எல்லைக்கல். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கிண்டல் வரும்.

போன குளிரில் அது நன்றாகப் பெருத்திருந்தது. "அடுத்த தடவை எழுந்தா கண்டிப்பா பூக்கும் அண்ணி" என்று அவள் சொன்னாள். வெள்ளைப் பூவாம். வெயில் பட்டால் விரியுமாம், சாயங்காலத்துக்குள் மூடிவிடுமாம். எனக்கு அந்த ஒரு பூவைப் பார்த்தாக வேண்டும் என்று ஆசை. ஆசை என்றால் சின்ன ஆசை இல்லை. நான் முளைக்க வைத்த ஒன்று பூக்கும் என்பதை யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு வெயில் காலம் முழுக்கக் காய்ந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளிர் வந்தது. அது எழுந்திருக்கவில்லை. பயந்துபோய் அவளைக் கூப்பிட்டேன். அவள் வந்து, ஸ்பூன் காம்பால் மெதுவாகத் தோண்டி, விரலை விட்டுத் துழாவினாள். கறுப்பாக ஒரு தோலை வெளியே எடுத்து என் கண்ணெதிரே நசுக்கினாள். தூளாக உதிர்ந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்ல அண்ணி. அழுகிப் போச்சு."

அதற்கப்புறம்தான் சமையலறை அழுகை. போகும்போது, பீட் இப்போதெல்லாம் கிடைக்கிறதில்லை, மண்ணாவது உதவட்டும் என்று தொட்டியைக் கேட்டாள். எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர்தான் வண்டியில் முன்னால் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒரு செடிக்குப் போய் இப்படி உக்காந்தா எப்படி?" என்று அவரும் தட்டை என் பக்கம் தள்ளி வைத்துப் பார்த்தார். அந்த அக்கறையில் உண்மையிலேயே என் மனசு குளிர்ந்தது. என்னைப்போல ஒரு முட்டாள் இருக்க முடியாது.

கொஞ்ச நாளில் இரண்டு புது விஷயங்கள் நடந்தன. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒன்று, நாத்தனார் பின்னறையில் வளர்க்கிற செடிகளில் மாவுப்பூச்சி வந்துவிட்டது. அப்படித்தான் சொன்னாள். "பின்னறைப் பக்கம் வந்துடாதீங்க அண்ணி. புடவைல ஒட்டிக்கிட்டு உங்க செடிங்களுக்கும் வந்துடும்." செடி வளர்க்கிறவளிடம் சொல்லக்கூடிய பொய்களிலேயே அருமையான பொய் அது. அவள் வரச் சொன்னாலும் நான் போயிருக்க மாட்டேன்.

இன்னொன்று, வீட்டுக்காரருக்குப் பேட்டரித் தண்ணீர் தேவைப்பட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். "கரண்ட் போச்சுன்னா ஆளுங்கள கீழ இறக்கறதுக்கு ஒரு பேட்டரி இருக்கும்டி. அதுக்கு ஊத்தணும். கடைத் தண்ணி சரியில்ல, உன் லேப் தண்ணிதான் சுத்தம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரோ எங்கேயோ ஒரு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு தவிக்கும்போது என் தண்ணீர் அவர்களைப் பத்திரமாக இறக்கிவிடும் என்று நினைத்துக்கொண்டு, பஸ்ஸில் இடுப்பு ஒடியக் கேன் தூக்கிக்கொண்டு வந்தேன்.

போன வாரம் மாமியாருக்குக் கீழ்ப்பல் செட்டு குத்துகிறது என்று போன் வந்தது. அந்தச் செட்டு என் கையால் செய்தது. லேப்பில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தேய்க்கிற சின்ன மெஷினும் மெழுகுக் கத்தியும் பையில் போட்டுக்கொண்டு போனேன். நாத்தனார் மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். மாமியார் பல்லைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பொக்கை வாயோடு சிரித்தார். பல்லில்லாத பேச்சு எனக்கு மனப்பாடம், தொழில் அப்படி. முன்னறையில் வெளிச்சம் போதவில்லை. குத்துகிற இடம் எது என்று பார்க்க நல்ல வெயில் வேண்டும். மாவுப்பூச்சி ஞாபகம் வந்தது. வாசலிலேயே நின்று பார்த்துவிடலாம் என்று பின்னறைக் கதவைத் திறந்தேன்.

பூச்சி ஒன்றுகூட இல்லை. தட்டுகள் எல்லாம் துடைத்து வைத்தது மாதிரி சுத்தம். நடுவில், மேலே தனி விளக்கு மாட்டி, பீங்கான் ஜாடி ஒன்றுக்குள் அதே கிழங்கு ஜாதி அழுகண்ணி நின்றது. நான் வளர்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி, அதில் வாடிச் சுருண்ட ஒரு பூவும், இன்னும் விரியாத ஒரு மொட்டும்.

சந்தேகப்படக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். அவளும் எங்கிருந்தாவது வாங்கியிருக்கலாமே. பல்செட்டைக் கையில் பிடித்தபடி கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். வாசல் கதவு திறந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள் என் செருப்பைப் பார்த்திருப்பாள். நேராகப் பின்னறைக்கே ஓடி வந்தாள்.

"மாவுப்பூச்சி எங்கடி?" என்று கேட்டேன்.

"அண்ணி..."

"இது ஏது?"

"கடைக்கு வர்ற ஒருத்தர் குடுத்தாரு. அவரு வீட்ல நிறைய இருக்காம். உங்களுக்குச் சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்..."

பல்செட்டை அலமாரியில் வைத்துவிட்டு, பீங்கான் ஜாடிக்குள்ளிருந்து தொட்டியைத் தூக்கினேன். உள்ளே பிளாஸ்டிக் தொட்டி, எல்லார் வீட்டிலும் இருக்கிற கறுப்புத் தொட்டிதான். தோளில் கிடந்த பையிலிருந்து மெழுகுக் கத்தியை எடுத்து ஓரத்தில் விட்டேன். வேர் அறுந்துவிடக் கூடாதே என்று அந்த நேரத்திலும் கை தானாக மெதுவாகத்தான் போனது. விரல் ஆழத்தில் கத்தி எதன்மேலோ தட்டியது. நெம்பி எடுத்து, புடவையில் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தேன். கோரைப்பல்.

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் நிரம்பிவிட்டது.

"அந்தக் கறுப்புத் தோலு?"

"பழைய கிழங்கு அண்ணி. வருஷா வருஷம் அது அப்படித்தான் சுருங்கிடும். அதுக்குக் கீழ புதுசு வெச்சிடும்."

"இது உனக்கு எப்போ தெரியும்? இங்க கொண்டு வந்தப்புறமா?"

அவள் பல்லைக் கைக்குள் மூடிக்கொண்டாள். நான் விடவில்லை.

"அன்னிக்கே தெரியுமா?"

"விரல்ல தட்டுப்பட்டுச்சு அண்ணி. கெட்டியா இருந்துச்சு. சொல்லணும்னுதான் வாயத் திறந்தேன், வேற ஏதோ வந்துடுச்சு." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "எனக்கு மட்டும் எதுவுமே முளைக்கல அண்ணி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தொட்டியைச் சுவரில் அடித்திருப்பேன். அந்த ஒரு வார்த்தை என்னை அசைத்துப் பார்த்ததுதான் இன்னும் ஆத்திரம். என் தலைமாட்டில் தொட்டி வைத்தவள் இவள். என்னோடு சேர்ந்து அழுதவளும் இவள்தான். கிழங்கு உயிரோடு விரலில் தட்டுப்பட்ட அதே கையால் என் முதுகைத் தடவிக்கொடுத்து அழுதிருக்கிறாள். கேட்டால் பாதியைக் கொடுக்கிறவள்தானே நான்? அடுத்த வருஷம் இன்னொரு கிழங்கு பிரிந்தால் முதலில் அவளுக்குத்தான் என்று நான் வாய்விட்டே சொல்லியிருந்தேன்.

தொட்டியைத் திரும்ப வைக்கக் குனிந்தபோது அலமாரிக்குக் கீழே கேன்கள் தெரிந்தன. வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு ரோஸ் நிறப் பொட்டு.

"இது எப்படிடி இங்க வந்துச்சு?"

அவள் முகத்திலிருந்து முந்தானையை எடுக்கவே இல்லை. பதில் முன்னறையிலிருந்து வந்தது. மாமியாருக்குக் காது நன்றாகக் கேட்கும். நடந்தது என்ன என்றுதான் தெரியாது.

"தண்ணிக் கேனா? உன் வீட்டுக்காரன்தாம்மா கொண்டாந்து வெக்கிறான். விளக்குகூட அவன் மாட்டினதுதான். ஞாயித்துக்கிழமை அந்தப் பூ விரிஞ்சப்ப, எங்களோட நின்னு அவனும்தான் பாத்தான். உனக்குப் படம் காட்டலையா?"

நாத்தனார் செய்ததை ஒரு பக்கம் வைத்துவிடலாம், அவள் நாத்தனார்தான். இது என்னோடு ஒரே கட்டிலில் படுக்கிற ஆள். என் தட்டைத் தள்ளி வைத்துச் சாப்பிடச் சொன்ன ஆள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட மனுஷர்களுக்காக நான் இடுப்பு ஒடியத் தூக்கிய தண்ணீரை, என்னிடமிருந்து திருடிய செடிக்கு ஊற்றச் சொல்லிக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் "உன் தண்ணிதான் சுத்தம்" என்று வேறு சொல்லியிருக்கிறார்.

மாமியாரின் பல்லைத் தேய்த்து முடித்துத்தான் கிளம்பினேன். அவர் பல்மேல் எனக்கு என்ன கோபம்? போட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப குத்தல" என்றார். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நாத்தனார் தடுக்கவில்லை. வாசல் வரை வந்து, "தட்டுல தண்ணி வத்தாம பாத்துக்கோங்க அண்ணி" என்றாள். அவள் அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். கை கழுவினார். டீ குடித்தார். அவள் போன் செய்து சொல்லியிருப்பாள் என்றுதான் நினைத்தேன், ஆனால் அதற்குக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இயல்பாகக் கேட்டார்.

"நாளைக்கு லேப்ல இருந்து ரெண்டு கேன் கொண்டாயேன். பேட்டரில தண்ணி குறைஞ்சிருக்கு."

"கேன் எதுக்கு? பேட்டரியவே தூக்கிட்டு வந்துட்டேன்" என்று படுக்கையறை ஜன்னலைக் காட்டினேன்.

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். அங்கேயே, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

"அவதான் சொல்லாதன்னு காலப் பிடிக்காத குறையா கெஞ்சினா."

"முளைச்சதுமே உங்களுக்குத் தெரியுமா?"

"அவ அழுதாடி. நான் என்ன பண்றது?"

"நானும்தானே அழுதேன்? இதே வீட்லதானே அழுதேன்?"

திரும்பினார். அவர் முகத்தில் குற்றம் செய்தவனின் களை இல்லை. நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று நம்புகிறவனின் களைதான் இருந்தது. அது என்னை இன்னும் கொன்றது.

"இங்க பாரு. உனக்கு நான் இருக்கேன். அவளுக்கு யாரு இருக்கா? ஒரு செடியாவது இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்."

"அத நீங்க என்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்" என்றேன். "உனக்கு நான் இருக்கேன்னு சொல்றீங்களே, எங்க இருந்தீங்க? ஞாயித்துக்கிழமை எங்க இருந்தீங்க?"

லிஃப்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கழுவிய முதல் டம்ளர் அதுதான்.

மறுநாள் லேப்புக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நாற்காலியை ஜன்னலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் முதலில் தட்டில் விழுந்தது, அப்புறம் இலைகளில் ஏறியது. எல்லாத் துளிகளும் ஒரே நேரத்தில் மினுங்கின. தண்டின் நுனியில் மொட்டு லேசாகப் பிளந்தது. ஒரு இதழ் தனியாக வந்தது, அப்புறம் மற்றவை. பெரிய அழகு என்று சொல்ல முடியாது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய, மெல்லிய வெள்ளைப் பூ. இரண்டாவது பூ. முதலாவதை நான் பார்க்கவில்லை, இனிமேல் பார்க்கவும் முடியாது.

பின்னால் காலடிச் சத்தம். அவர் வேலைக்குக் கிளம்பித் தயாராக, தயங்கித் தயங்கி வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி செடிக்கு மேலே குனிந்தார். அவருடைய நிழல் செடியின்மேல் விழுந்தது.

"பூத்துடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்கதான் ஏற்கெனவே பாத்துட்டீங்களே" என்றேன். "தள்ளி நில்லுங்க. வெயில் மறைக்குது."